முப்பத்தேழு அங்குலம்

கடைச்சுவரில் தொங்குகிறது.
ஃப்ரெட்டுகள் எல்லாம் ஒருக்களித்து,
யாரோ பாதி விரித்துவிட்டு
மறந்துபோன விசிறி.

தம்பேரேயில் நவம்பர்,
மூன்றரைக்கே இருட்டு.
ட்ராம் ஓட்டி முடித்து நேரே வந்திருக்கிறேன்
சீருடையைக் கோட்டுக்குள் மறைத்து.

"தடித்த தந்திக்கு முப்பத்தேழு அங்குலம்,
மெல்லியதற்கு முப்பத்துநாலு.
அதனதன் நீளம் அதனதற்கு"
என்கிறான் எலியெல்.
அவனுக்கு மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு யூரோ.
கேட்ட மாத்திரத்தில்
காருக்கு மாற்றவேண்டிய பனிக்கால டயர் நான்கும்
மனசுக்குள் உருண்டு வந்து வரிசையில் நின்றன.
அவற்றின் பின்னால், கன்னத்தைப் பிடித்தபடி,
என் கடைவாய்ப்பல்.

வீட்டிலிருப்பதற்குப் பத்தொன்பது வயது.
ஐந்தாவது தந்தியைத் தட்டினால்
ஈரப்போர்வை காயும் கொடியாய்த் தொய்யும்.
சுருதி இருக்கும்,
சொல் இருக்காது.

டிரம்ஸ் தௌனோ சொன்னார்:
"யாருக்குக் கேட்கப்போகிறது?
டாங்கோ ஆடுகிறவர்கள்
அடுத்தவர் காலை மிதிக்காமலிருக்கப் பார்ப்பார்களா
உன் தந்தியின் நீளத்தையா?"
அக்கார்டியன் கீர்ஸ்தி சொன்னாள்:
"வாங்கு. வாங்காதே.
எதுவானாலும் வண்டியில் அதைப் பற்றிப் பேசாதே."

மடியில் வைத்தேன்.
கண்ணால் பார்த்து வாசித்தபோது
இருட்டில் மாடியேறி
இல்லாத கடைசிப் படியில் கால் வைத்த மாதிரி
ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஒரு திடுக்.
கண்ணை மூடினேன்.
அட, விரித்த கை
எப்போதும் விசிறிதானே.
அது போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு அந்தத் தந்தி.
நாற்காலிக் கால் வழியாக ஏறி
முழங்காலில் ஒருமுறை நின்று
மேலே வந்தது.
பக்கத்து அலமாரியில் ஒரு கஞ்சிரா சலசலத்தது.
எலியெல் நல்ல பிள்ளை,
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் ஹெர்வந்தாவிலிருந்து கிளம்பி
சிக்னல் சிக்னலாகக் கணக்குப் போட்டேன்.
ஒரு சனிக்கிழமைக்கு இருபத்திரண்டு பாட்டு.
அதில் அந்தத் தந்தியை நான் தொடுவது
பதினொரு முறை.
பதினொரு ஸ்வரத்துக்கு இவ்வளவு பணமா?
முடிந்தது கதை என்று கதவை மூடி
அடுத்த நிறுத்தத்துக்கு நகர்த்தினேன்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில்
சக்கரநாற்காலி ஏறக் காத்திருந்தபோதுதான் உறைத்தது.
தொட்டதை எண்ணினேன்.
தொடாமல் விட்டதை?

பாட்டு கீழே இறங்கும் இடத்திலெல்லாம்
வாசலிலேயே திரும்பி
மேல்ஸ்தாயிக்கு நழுவியிருக்கிறேன்.
பழுதான படியைத் தாண்டித் தாண்டி
தாண்டுவதே நடையாகிவிட்டது.
எண்ணினேன்: நாற்பத்தாறு.
பின்னாலிருந்த பேருந்து ஹாரன் அடித்தது.

அதற்காக உடனே ஓடிப்போய் வாங்கவில்லை.
இடது தோள் இருக்கிறது,
போன வருஷப் பனிக்கட்டியில் விழுந்தது.
முதல் ஃப்ரெட் இப்போது மூன்றங்குலம் தள்ளி.
கடையில் வாசித்தது பன்னிரண்டு நிமிஷம்,
நடன இரவு நான்கு மணி நேரம்.
தோளுக்கு வாய் இல்லை,
ஞாயிறு காலையில்தான் பேசும்.

"பதினான்கு நாளுக்குள் திருப்பித் தரலாம்,
கீறல் இருக்கக்கூடாது" என்றான் எலியெல்.

விலைச்சீட்டைக் கழற்றாமல்தான் மேடையேறினேன்.
நூலை ஆணியில் சுற்றிச் செருகி,
பெல்ட்டில் பித்தளை இல்லாத பாவாடை தேடி உடுத்தி.
மூன்றாவது பாட்டில்
திரும்பி வரும் வாசலில் திரும்பவில்லை.
இறங்கினேன்.

ஆடியவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
யாரும் யார் காலையும் மிதிக்கவில்லை.
தௌனோ மட்டும் தலை தூக்காமல்
ஒரு அடி தாமதித்தார்.
இருபது வருஷத்தில்
அவர் தாமதித்து நான் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோள் பேசியது.
பயந்த அளவுக்கு இல்லை.
இல்லாமலும் இல்லை.

இன்று ஒன்பதாவது நாள்.
டயர் மாற்றாத காரின் மேல்
ஒரு சாண் பனி.
கீழ்த் தந்தியைத் தட்டும்போதெல்லாம்
செருகி வைத்த சீட்டு
காதோரம்
பொறுமையில்லாமல் அதிர்கிறது.